நூலகத்தில் பேசலாமா?

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "பழைய நினைவுகள் நிறைய வந்திருக்கு சார், நீங்க ஏதாவது வரலாறு எழுதுங்க" என்றார்கள். எனக்கு இரண்டையும் பிரித்து எழுதத் தெரியவில்லை. கலந்துதான் தருகிறேன், பொறுத்தருளவும்.

போன பொதுக்குழுவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி நூலகத்தின் பின்பக்க அறையைச் சங்க நிதியில் சீர்செய்து, மாணவர்கள் கூடிப் பேசிப் படிக்கும் இடமாக ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடனே நம் மூத்த நண்பர் ஒருவர் எழுந்து, "லைப்ரரின்னா அமைதி. பேசணும்னா கேன்டீனுக்குப் போகட்டும்" என்றார். பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன். பழக்க தோஷம்! ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், ஏன் தட்டினோம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

கூடிப் படிப்பது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் நன்னூலைப் புரட்டிப் பார்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். வகுப்பறைக்குக் கால், மற்றவர்களோடு பேசுவதற்கு முக்கால் என்று ஆகிறது. பாக்கியைக் கேன்டீனுக்கு அனுப்புவதா என்பதுதான் நம் பிரச்சினை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இது நடைமுறையாகவே இருந்தது. வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர். விவரமான பெரிய பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விடுவார்கள். (இன்று 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றால் திட்டு. சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள்.)

இந்த மணல் எழுத்துதான் கடல் தாண்டிப் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இராணுவ ஆண் அனாதைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்கள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர்களுக்கும் அவருடைய புதுமைகளில் இஷ்டமில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, ஒரு உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளிக்கு வந்து, அதேபோல் ஆங்கில எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர், "அதெல்லாம் நடக்காது" என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது பையனால் ஆயிற்று. பிறகு அந்தப் பள்ளி முழுவதுமே பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறைக்கு மாறியது.

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். மறுவருஷமே லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரிலேயே ஒரு பள்ளி எழுந்தது, இன்றும் நடக்கிறது.

சந்தோஷப்படலாம், ஆனால் ரொம்ப வேண்டாம். அங்கே இம்முறை பிடித்துப் போனதற்கு முக்கியக் காரணம் சிக்கனம். ஒரே ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் மனப்பாடக் கூடமாக அது சுருங்கியது. 1846-இல் பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் என்ற வேறு ஏற்பாட்டைப் பிரிட்டிஷ் அரசு கொண்டு வந்தபின் பழைய முறை மெல்ல மறைந்தது. எடுத்துச் சொல்பவனுக்கே அதிக லாபம் என்ற பவணந்தியாரின் கணக்கு கப்பலில் ஏறவில்லை போலும்.

நூலகத்தின் கதை வேறு பாதையில் போயிற்று. புத்தகம் விலை உயர்ந்த பொருள். அதைக் காப்பதே முதல் வேலை. வாசகன் கையில் தூசி, வாயில் சத்தம். இந்த நினைப்பை நம் நாட்டில் அசைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த அவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆள் வராத நூலகத்தில் தனியே உட்கார முடியாமல், சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்கு ஓடிவந்து, என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாராம்! லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்புங்கள், அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். 1925-இல் திரும்பி வந்தவர் பிறகு பழைய வேலைக்குப் போகவில்லை.

அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். வாசகரிடம் தானே போய், "என்ன தேடுறீங்க?" என்று கேட்டு உதவும் ஆட்களை வைத்தார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. நூலகர் வாசகரோடு பேசலாம் என்பது இவ்வாறு நிலைபெற்றது. வாசகர் வாசகரோடு பேசுவது மட்டும் தொடர்ந்து குற்றமாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் நம் கல்லூரி வருகிறது. நான் 1977-80 பி.எஸ்.சி. கணிதம். நம் ரீடிங் ஹாலில் 'அமைதி காக்கவும்' பலகை எட்டுத் திசையிலும் தொங்கும். இரண்டு பேர் தலையைச் சேர்த்தால் போதும், ஸ்கேலால் மேசையில் 'டக் டக்' என்று தட்டு விழும். மூன்றாவது தட்டுக்கு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

ஹாஸ்டல்காரர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. எங்களுக்கு மெஸ் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்த பிறகு, அந்தக் கடப்பைக் கல் மேசைதான் எங்களுக்குக் கரும்பலகை. மூன்றாம் வருஷத்து அண்ணன் ஒருவர் சாக்பீஸோடு வருவார். "டேய், இன்டக்ரேஷனைப் பாத்து ஏன்டா பயப்படறீங்க? வாழைக்காயை வில்லை வில்லையா நறுக்கிக் கூட்டறோம், அவ்வளவுதான்" என்று ஆரம்பிப்பார். தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கில வகுப்பில் விழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு முதன்முதலில் கணக்கு புரிந்தது அந்த மேசையில்தான். முக்கியமாக, "எனக்குப் புரியல" என்று வாய்விட்டுச் சொல்ல அங்கே வெட்கம் இல்லை.

டே ஸ்காலர் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். முதல் பஸ்ஸில் வருவான், கடைசி பஸ்ஸில் போவான். இடைப்பட்ட நேரமெல்லாம் ரீடிங் ஹாலில் ஜன்னலோர நாற்காலி. எங்களையெல்லாம் விட அதிக நேரம் படித்தவன் அவன்தான். 'படிப்பாளி' என்று பட்டப்பெயர் வைத்து, நாங்கள் அவனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டோம். முதலாண்டுத் தேர்வில் கால்குலஸில் போய்விட்டது. இரண்டாம் முறையும் போய்விட்டது. ஒருநாள் நாற்காலி காலியாக இருந்தது. அவன் படிப்பை நிறுத்திவிட்டான் என்று ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆராய்ச்சி மாணவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறார். முதலாண்டுக் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள்? பேராசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை என்று பதில் வந்தது. அவர் அதை நம்பாமல், இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள், சொன்ன வீட்டுப்பாடத்தைச் செய்தார்கள், ஆனால் தனியாகவே படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்ததோடு, இரவில் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், தவறைக் காட்டிக்கொடுத்தார்கள், பழைய வினாத்தாளை வைத்து ஒருவரையொருவர் சோதித்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கணக்கின் கஷ்டம், தன் மண்டையின் குறை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியே படித்தவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

டிரைஸ்மன் 'பின்தங்கியோர் வகுப்பு' நடத்தவில்லை. 1970-களின் கடைசியில் பயிற்சிக் கூட்டங்கள் தொடங்கி, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசிப் போடச் சொன்னார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. 1992-இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை நான் படித்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படித்து முடித்ததும் அந்த ஜன்னலோர நாற்காலிதான் கண்முன் வந்தது. அவனை விட்டுவிட்டது ஸ்கேல் தட்டியவர் மட்டுமல்ல. மெஸ் மேசையில் இன்னொருவனுக்கு இடமிருந்தது. கூப்பிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவிலேயே கன்சாஸ் சிட்டியில் 1973 முதல் இன்னொரு ஏற்பாடு வளர்ந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் டீனா மார்ட்டின் என்ற அம்மையார் தொடங்கியது. அதில் 'மோசமான மாணவன்' என்று யாரையும் பொறுக்கி எடுப்பதில்லை. அதிகம் பேர் தோற்கும் பாடத்தைப் பொறுக்கி எடுப்பார்கள். அதில் ஏற்கெனவே நன்றாகத் தேறிய சீனியர் ஒருவர், மறுபடியும் அதே வகுப்பில் வந்து உட்காருவார். பிறகு ஜூனியர்களோடு கூடிப் பேசுவார். அவர் லெக்சர் அடிக்கக்கூடாது, கேள்வி கேட்டுப் பேச வைக்க வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் வருவதில் அவமானமில்லை. இதைத்தான் நம் மெஸ் அண்ணன் சம்பளமில்லாமல் செய்தார்.

இவையெல்லாம் நூலகத்துக்குள் நுழைந்ததற்கு ஒருவகையில் கம்ப்யூட்டர்தான் காரணம். 1990-களிலிருந்து ஆய்விதழ்கள் திரைக்கு மாற, பைண்டு செய்த தொகுதிகள் அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியாகத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் 1994-இல் திறந்த லீவி நூலகத்தில், கம்ப்யூட்டர்களோடு கூட்டாக வேலை செய்யும் அறைகளையும் சேர்த்தே கட்டினார்கள். 2006-இல் கிளாஸ்கோவில் சால்டைர் மையம் வந்தது. அங்கே கீழ்த்தளத்தில் கலகலப்பு, மேலே ஏற ஏறச் சத்தம் குறையும், உச்சியில் மௌனம். நம் மூத்த நண்பருக்கு உச்சி மாடி, மற்றவர்களுக்குக் கீழ்த்தளம்! எழும்பூரிலிருந்து மணலை எடுத்துப்போன பெல்லின் நாட்டில்தான் இதுவும்.

நம் பக்கமும் மாறாமலில்லை. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கத் தனிப் பகுதியே வைத்தார்கள். பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்ட காலத்தில் படித்த எனக்கு அதுவே புரட்சியாகப் பட்டது. அதே 2010-இல் என்-லிஸ்ட் திட்டம் வந்து, சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் மின்னிதழ்கள் கிடைக்கத் தொடங்கின. ஆக நம் நூலகத்திலும் அலமாரி கொஞ்சம் நகரலாம்.

என் வேண்டுகோள் சுருக்கமானது. ரீடிங் ஹாலைத் தொட வேண்டாம். அங்கே அமைதி இருக்கட்டும். பின்பக்க அறைக்கு ஏ.சி.யும் சோபாவும் வாங்கி, கல்வெட்டில் நம் பெயரைப் பொறிப்பதோடு நிறுத்தினால் அது கதைபேசும் மடமாகிவிடும் என்ற பயம் நியாயமானதே. சுவரில் ஒரு பெரிய கரும்பலகை, நாலு வட்ட மேசை போதும். மிச்சப் பணத்தில், அதிகம் பேர் தோற்கும் இரண்டு மூன்று பாடங்களைத் துறைத்தலைவர்களிடம் கேட்டறிந்து, பாடத்துக்கு ஒரு சீனியர் மாணவரோ மாணவியோ, வாரம் மூன்று நாள் மாலை உட்கார உதவித்தொகை கொடுப்போம். நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மேசை எப்படியும் கிடைத்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாத பெண்களுக்கும் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கும் கல்லூரியில் நூலகத்தை விட்டால் வேறு இடம் ஏது?

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் ஆண்டுவாரியாக முகவரிப் பட்டியல் இருக்கிறது. எங்கள் 1977-80 செட்டில் அவன் பெயரைத் தேடினேன். பட்டம் முடித்தவர்களை மட்டும்தான் சேர்த்திருக்கிறார்கள். கணித வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்த அவனை ஞாபகம் வைத்திருப்பவர்கள், இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த சந்திப்புக்கு அழைக்க வேண்டும்.