சிப்பி பதித்த ஜப்பானியப் பெட்டகம்

கல்கத்தாவின் பவானிபூரில் வாழும் தமிழர்களுக்கு அயலார் இருவகையினர். ஒருவர் அந்நாட்டு வங்காளிகள். மற்றவர் நம்மைப் போலவே பிழைப்பை நாடி வந்து வேரூன்றிய குஜராத்தியர். மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு, இம்மூன்று நாடுகளின் பெயர்களும் தொலைதூர ஜப்பானின் அரக்கு வேலையோடு இணைந்தவை என்பது புதுமையாகத் தோன்றலாம். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஜப்பானில் உருஷி என்று ஒரு மரம் உண்டு. அதன் பட்டையைக் கீறினால் பால் வடியும். பழக்கமில்லாதவர் மேனியில் அது பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். இப்பாலை மரப் பலகையின்மேல் மெல்லெனப் பூசி, ஈரப்பதமுள்ள அறையில் வைப்பார்கள். வெயிலில் உலர்த்தும் வழக்கம் இதற்கில்லை. ஈரக் காற்றிலேதான் இது இறுகும். ஒரு பூச்சு இறுகியபின் அதனைத் தேய்த்து, மறு பூச்சு இடுவார்கள். இவ்வாறு பல பூச்சுகள் ஏறியபின் கண்ணாடி போன்ற கருமை உண்டாகிறது. அதன்மேல் பொற்றுகளைத் தூவிச் சித்திரம் அமைப்பது 'மாக்கியே'. சிப்பித் துண்டுகளைப் பதிப்பது 'ராடென்'.

நம் நாட்டு அரக்கு வேறு. அது மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. எனினும், அதற்கு வடமொழியில் வழங்கிய 'லாக்ஷா' என்னும் சொல்லின் வழிவந்த பெயரே போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பாவில் பரவி, ஜப்பானிய மெருகுக்கும் 'லாக்கர்' என்று நிலைத்துவிட்டது.

போர்த்துகீசியர் 1543-ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்தனர். கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அவர்கள், குஜராத்தியக் கைவினைஞரின் சிப்பி பதித்த பேழைகளை முன்னரே அறிந்தவர்கள். சுமார் 1580 முதல் 1630 வரை அவர்களுக்காக ஜப்பானியர் செய்த பொருள்களை 'நான்பான்' வேலை என்பர். 'தென்திசை மிலேச்சர்' என்பது அச்சொல்லின் பொருள். அப்பெட்டகங்களின் வளைந்த மூடி ஐரோப்பியருடையது. மேற்பரப்பு முழுவதையும் இடைவெளியின்றி நிரப்பும் சிப்பிக் கோலங்களில் குஜராத்திய வேலையின் சாயலும் கொரிய வேலையின் சாயலும் இருப்பதாக அறிஞர் கூறுவர்.

1639-இல் போர்த்துகீசியர் ஜப்பானிலிருந்து விலக்கப்பட்டனர். 1641 முதல் ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே, அதுவும் நாகசாகியை அடுத்த தெஷிமா என்னும் சிறு தீவில், வணிகம் செய்ய இசைவு பெற்றனர். பழவேற்காடும், 1658 முதல் நாகப்பட்டினமும், வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள சின்சுராவும் அவர்களுடைய வணிகத் தளங்களாகும். வங்காளத்துத் தோற் கேடயங்கள் ஜப்பானுக்குச் சென்று, அரக்குப் பூச்சும் ஐரோப்பியரின் குலச் சின்னமும் பெற்றதுண்டு.

தமிழ்நாட்டின் பங்கு விந்தையானது. சீனத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய அரக்குத் தட்டிகள் நம் கடற்கரைத் துறைமுகங்களின் வழியே மேல்நாடு சென்றன. வாங்கியவர்கள் அவற்றிற்குக் 'கோரமண்டல்' என்று பெயரிட்டனர். அது நம் சோழமண்டலமே! ஆயினும் நம் தச்சரின் உளி அவற்றில் பட்டதில்லை. கப்பல் நின்ற துறையின் பெயர் நிலைத்தது. செய்தவரின் நாடு மறைந்தது. இத்தகைய புகழை நாம் ஏற்பது முறையாகாது. அதுபோலவே, குஜராத்தியக் கைவினைஞருக்கு உரிய பங்கை ஜப்பானியப் பெட்டகத்தின் வரலாற்றில் விட்டுவிடுவதும் முறையாகாது.

வரலாறு மறந்த பொருளின் கதி யாது? பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் தச்சர்கள் பல ஜப்பானியப் பெட்டகங்களை அறுத்து, அத்தகடுகளைத் தங்கள் மேசைகளுக்கும் அலமாரிகளுக்கும் ஒட்டினர். சுமார் 1640-இல் செய்த 'மசரின் பெட்டகம்' அக்கதிக்குத் தப்பி, 1882-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையை அடைந்தது. அதனோடொத்த மற்றொன்று, லண்டனில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாங்கும் மேசையாகப் பல்லாண்டு கிடந்தது. பின்னர் அதன் வரலாறு தெரியவர, 2013-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் காட்சிசாலை அதனை எழுபத்து மூன்று லட்சம் யூரோவுக்கு வாங்கியது. மரமும் மெருகும் முன்போலவே இருந்தன. அறிவு ஒன்றே இடையில் தொலைந்திருந்தது.

ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளிலும் பாட்டனார் கொணர்ந்த மரப் பெட்டியோ பித்தளைப் பாத்திரமோ இருக்கக்கூடும். அவற்றுக்கு விலை மிகுதி இராது. ஆயினும், செய்தவர் யார், எவ்வூரில் வாங்கியது, எந்த ஆண்டில் எவ்வழியே இங்கு வந்தது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அப்பெட்டியினுள்ளேயே வைத்துவிடுவோமாக. நம் பிள்ளைகள் தமிழைப் பேசுவதோடு படிக்கவும் கற்றிருப்பின், அத்தாள் அவர்களுக்குப் பயன்படும்.