பாப்டிஸ்ட் சபை வழிபாட்டில் இசை

பாப்டிஸ்ட் சபைகளின் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு அடுத்த இடம் சபையார் சேர்ந்து பாடும் பாட்டுக்கு உரியது. எல்லாச் சபைகளையும் கட்டுப்படுத்தும் வழிபாட்டு முறைநூல் இவர்களிடம் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் ஆராதனை ஒழுங்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால் வேதாகமத்துக்கு அடுத்தபடியாகச் சபையாரின் கைப்பழக்கத்தில் இருப்பது பாட்டுப் புத்தகம்தான். பாப்டிஸ்டுகளின் விசுவாச அறிக்கைகளை வாசித்தவர்களைவிட அவர்களுடைய பாட்டுகளை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் பல மடங்கு அதிகம். ஆனால் இதே சபைகள் தொடக்கத்தில் சேர்ந்து பாடுவதையே தவறென்று விலக்கி வைத்திருந்தன.

பாடலாமா, கூடாதா?

ஜான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் ஆகியோர் தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ற குழுவினர் 1609இல் முதல் பாப்டிஸ்ட் சபையை அமைத்தனர். ஆராதனை வேளையில் கண்முன் ஒரு புத்தகம் விரிந்திருப்பதையே ஸ்மித் ஏற்கவில்லை. ஜெபத்தைப் போலப் பாட்டும் ஆவியானவரின் ஏவுதலால் அந்த நேரத்தில் உள்ளத்திலிருந்து எழ வேண்டும் என்பது அவர் கொள்கை. எழுதிவைத்த சொற்களைப் பலர் கூடிப் பாடுவது, தாங்கள் விட்டு வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் முறைநூலுக்கே திரும்பிப் போவதாக அவர்களுக்குப் பட்டது. இதைக் கலை வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மனத்தில் இல்லாததை வாய் சொல்லக்கூடாது என்ற கண்டிப்பு அது.

இந்த நிலையை மாற்றியவர் பெஞ்சமின் கீச் (1640–1704). சிறுவர்களுக்கு எழுதிய ஒரு பாடநூலுக்காக 1664இல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டவர் அவர். லண்டன் சவுத்வார்க் பகுதியில் ஹார்ஸ்லிடவுன் சபையின் போதகராக இருந்தபோது, 1673 வாக்கில் திருவிருந்துக்குப் பின் ஒரு பாட்டுப் பாடும் வழக்கத்தைத் தொடங்கினார். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீஷர்களும் பாட்டுப் பாடிப் புறப்பட்டார்கள் என்ற சுவிசேஷ வசனமே அவருக்குப் பிடிமானம். அடுத்து நன்றி செலுத்தும் நாட்களிலும் பாடினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுத்திருந்துதான் வாராவாரம் பாடுவதற்குச் சபையின் ஒப்புதலைப் பெற்றார். அப்போதும் பாட்டு ஆராதனையின் கடைசியில்தான் வந்தது. பாட மனமில்லாதவர்கள் அதற்கு முன்பே எழுந்து போகலாம்.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. ஐசக் மார்லோ என்பவர் 1690இல் சபைப் பாடலை எதிர்த்து நூல் வெளியிட்டார். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே வாயாகப் பாடலாமா, சபையில் அமைதியாயிருக்கச் சொல்லப்பட்ட பெண்கள் பாடலாமா என்றெல்லாம் அவர் கேட்டார். கீச் 1691இல் மறுப்பு நூலும், ஏறக்குறைய 300 பாட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பும் வெளியிட்டார். உடன்படாதவர்கள் பிரிந்துபோய் மேஸ் பாண்ட் என்ற இடத்தில் பாட்டில்லாத சபையை நிறுவினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்தச் சபையும் பாடத் தொடங்கியது. கீச்சின் பாட்டுகளில் கவிநயம் குறைவு. இன்று அவற்றைப் பாடுவோர் அரிது. ஆனால் சபையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும், பெண்கள் உட்பட, ஆராதனையில் குரல் உண்டு என்று நிலைநாட்டியது அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.

அடுத்த நூற்றாண்டில் தேர்ந்த பாடலாசிரியர்கள் தோன்றினர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்துப் பிராட்டன் ஊரில் வாழ்ந்த ஆன் ஸ்டீல் (1717–1778), ‘தியோடோசியா’ என்ற புனைபெயரில் 1760இல் தம் கவிதைகளை வெளியிட்டார். 1769இல் பிரிஸ்டலில் ஜான் ஆஷும் கேலப் எவன்சும் தொகுத்த பாட்டுப் புத்தகம் அவருடைய பாட்டுகளைச் சபைதோறும் கொண்டுசென்றது. பெண் பாடலாமா என்று வாதம் நடந்து நூறாண்டு ஆவதற்குள் ஒரு பெண் எழுதிய பாட்டை ஆண்களும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வரி சொல்லிப் பாடுதல்

புத்தகமும் எழுத்தறிவும் அரிதாக இருந்த காலத்தில், தலைவர் ஒரு வரியை வேகமாகச் சொல்ல, சபை அதை இழுத்து நிறுத்திப் பாடும் முறை பரவியது. அமெரிக்காவின் கென்டக்கி மாநில மலைப்பகுதியில் உள்ள ‘பழைய ரெகுலர் பாப்டிஸ்ட்’ சபைகள் இம்முறையை இன்றும் காத்துவருகின்றன. அங்கே இசைக்கருவி கிடையாது, தாளம் போடுவதில்லை, குரல்களைப் பிரித்துச் சுரம் சேர்ப்பதும் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு வந்த வளைவுகளோடும் நெளிவுகளோடும் பாடுவதால் ஒரே அசை பல அலைகளாக விரிந்து எழுகிறது. எழுத்தறியாத ஒரு மூதாட்டியும் முழு உரிமையோடு கலந்துகொள்ள இடம் தரும் முறை இது.

கருவிகளைப் பற்றிய தயக்கம் நகரச் சபைகளிலும் இருந்தது. லண்டனில் பாப்டிஸ்ட் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் 1861இல் திறந்த மெட்ரோபாலிட்டன் டேபர்நேக்கிள் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆர்கன் வைக்க அவர் இசையவில்லை. பாட்டுத் தலைவர் ஒருவர் குரலெடுத்துத் தொடங்க, கூட்டம் முழுதும் வெறுங்குரலில் பாடியது. 1866இல் தம் சபைக்கென்றே ஒரு பாட்டுப் புத்தகத்தையும் ஸ்பர்ஜன் தொகுத்தார்.

ஆராதனை ஒழுங்கில் பாட்டின் வேலை

முழுக்கு ஞானஸ்நானம் ஆற்றில் நடந்த நாட்களில் கரையில் நிற்கும் சபை பாடிக்கொண்டிருக்கும். நியூயார்க் புரூக்ளினில் பாப்டிஸ்ட் போதகராக இருந்த ராபர்ட் லோரி 1864இல் எழுதிய ஆற்றங்கரைப் பாட்டு இத்தகைய வேளைகளில் பெரிதும் பாடப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலச் சபைகளில் பிரசங்கம் முடிந்ததும் அழைப்புப் பாடல் வரும். போதகர் மேடையிலிருந்து இறங்கி முன்னே நிற்பார். மனம் திரும்புகிறவர்களும் சபையில் சேர விரும்புகிறவர்களும் எழுந்து முன்னால் வருவார்கள். வருகிறவர்கள் இருக்கும்வரை சரணத்துக்கு மேல் சரணமாகப் பாட்டு நீளும். ஆங்கிலிக்கன் பெண்மணி சார்லட் எலியட் எழுதிய ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ இந்த இடத்துக்கே உரிய பாட்டாக நிலைத்தது. பில்லி கிரஹாம் தம் சுவிசேஷக் கூட்டங்களில் அதைப் பாடவைத்ததோடு, 1997இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கும் அதையே தலைப்பாக்கினார்.

கறுப்பினச் சபைகளும் காஸ்பல் இசையும்

பாப்டிஸ்ட் வழிபாட்டிசை உலகத்துக்குத் தந்த மிகப் பெரிய கொடை அமெரிக்கக் கறுப்பினச் சபைகளிலிருந்து வந்தது. வரி சொல்லிப் பாடும் முறையை அவர்களும் ஏற்று, ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்சின் பாட்டுகளைத் தங்கள் முனகலும் விம்மலும் கலந்து பாடினார்கள். காஸ்பல் இசையின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சி, ஜார்ஜியா மாநிலத்தில் 1899இல் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். புளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்து ‘ஜார்ஜியா டாம்’ என்று பெயர் வாங்கியவர். அந்தச் சாயலோடு பக்திப் பாட்டு எழுதியபோது, கேளிக்கை விடுதி இசை ஆலயத்துக்குள் வருவதா என்று பல போதகர்கள் கதவடைத்தார்கள். 1931இல் சிகாகோவின் எபெனேசர் பாப்டிஸ்ட் சபை அவருக்கு இடம் தந்தது. 1932இல் அதே நகரத்துப் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையின் இசைப் பொறுப்பை ஏற்றுப் பல பத்தாண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அந்த 1932 ஆகஸ்டில் டார்சி வெளியூரில் இருந்தபோது அவர் மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அத்துயரத்தில் பிறந்த ‘பிரெஷஸ் லார்ட்’ பாட்டை, 1968 ஏப்ரலில் பாப்டிஸ்ட் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடினார். காஸ்பல் ஆராதனையில் பாடகர் குழு தனியாக நின்று பாடிவிட்டுப் போவதில்லை. குழு எடுத்துக் கொடுக்க, சபை கைதட்டியும் குரல் கொடுத்தும் திருப்பிச் சொல்கிறது. பிரசங்கமே உச்சத்தில் பாட்டாக மாற, ஆர்கன் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. டெட்ராய்ட் போதகர் சி. எல். பிராங்க்ளின் இதில் பேர்பெற்றவர். அவர் மகள் அரீத்தா 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயத்தில் பாடிய பதிவு, ஓர் ஆராதனையின் சூட்டை அப்படியே ஒலிநாடாவில் பிடித்து வைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கிட்டார், டிரம்ஸ், திரையில் ஓடும் வரிகள் ஆகியவை பல சபைகளுக்குள் வந்தபோது மறுபடியும் பூசல் எழுந்தது. கருவி எது என்பதைவிட, ஒலிபெருக்கியின் முழக்கத்தில் சபையார் குரல் சபையாருக்கே கேட்கிறதா என்பதே எடைபோட வேண்டியது.

இந்தியாவில்

வங்காளத்தின் செராம்பூரில் 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் மிஷனரி வில்லியம் கேரியிடம் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால், வங்காள மொழியில் பாட்டுகள் எழுதினார். அவற்றில் ஒன்று கேரியின் சக மிஷனரி ஜாஷுவா மார்ஷ்மனின் மொழிபெயர்ப்பு வழியே ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் இடம்பெற்றது. மிஷனரிகள் பாட்டுக் கொண்டுவந்த காலத்திலேயே எதிர்த்திசையிலும் பாட்டுப் பயணப்பட்டதற்கு இது சான்று. வடகிழக்கில் நாகாலாந்து, மிசோரமின் தென்பகுதி ஆகியவற்றின் பாப்டிஸ்ட் சபைகள் பல குரல் சேர்ந்திசையில் சிறந்து விளங்குகின்றன. கோட்டுச் சுரக்குறிக்குப் பதிலாக எழுத்தாலேயே சுரத்தைக் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறை அங்கே ஆழ வேரூன்றியது. மிசோ மக்களின் ‘குவாங்’ என்னும் முரசை மிஷனரிகள் முதலில் ஆலயத்துக்குள் விடவில்லை. எழுப்புதல் இயக்கங்கள் பரவிய பிறகு சபையாரே அதை உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே சபைப் பாட்டு அந்த முரசின் அடிக்கே நடக்கிறது.