சிப்பிப் பங்கும் அரிசிக் கூலியும்

மன்னார்த் தீவிற்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள அரிப்புக் கரையில், சிதைந்த தூண்களும் இடிந்த சுவர்களுமாய் ஒரு மாளிகை நிற்கின்றது. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் என்பார் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டு 1801 தொடக்கம் 1804 வரையான காலத்தில் எழுப்பிய மாளிகை அது. ஊரவரோ அதனை அல்லிராணி கோட்டை என்றே வழங்குவர். மாணவரை அங்கு அழைத்துச் செல்லுந்தோறும் அல்லிராணியைப் பற்றியே அவர்கள் கேட்பர். யான் அவர்களைத் திருப்பிக் கேட்கும் வினா வேறொன்று: "இம்மாளிகையின் மேல்மாடத்தில் நின்று தேசாதிபதி பார்த்தானே, அந்தக் கடலிற் குளித்தவனுக்கு நாட்கூலி எவ்வளவு?" ஒரு மாணவனாயினும் சரியான விடையை இதுகாறும் கூறியதில்லை. கூறுதற்கு அரிய விடைதான். ஏனெனில் குளிப்பவனுக்கு நாட்கூலி என ஒன்று இருந்ததில்லை.

அவனுக்குக் கிடைத்தது சிப்பி. அன்றன்று அள்ளிய சிப்பியைக் கரையிலே குவியல்களாகப் பகுப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாலில் ஒரு குவியல் குளிப்போருக்கு உரியதாயிருந்தது. பின்னர் அது மூன்றில் ஒன்றாயிற்று. 1905 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த பெருங் குளிப்பிலும் மூன்றில் ஒன்றே வழங்கப்பட்டது. அவ்வாண்டு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டதெனவும், அரசாங்கத்திற்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்ததெனவும் அறிகின்றோம். கீழக்கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்த குளிப்போர் தம் பங்கைச் சந்தையில் விற்று அன்றாடச் செலவு நடத்தினர்; அரசாங்கத்தின் பங்கு மாலைதோறும் ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலையென ஏலத்திற் போயிற்று. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் செபித்த கடல்கட்டிக்கும் சிப்பியே ஊதியம்.

பணத்தைக் கொடாது பங்கைக் கொடுத்ததன் காரணம் தெளிவு. கூலிக்குக் குளிப்பவன் கடலடியில் எத்தனை சிப்பி எடுத்தான், எத்தனை எடுக்காது விட்டான் என்பதை எவரும் காணார். வரும் வழியிற் படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை மறைப்பதும் எளிது. பங்கு உடையவனுக்கோ பார்வை இடாமலே உழைப்பு வரும். அரசாங்கத்திற்கு வாய்த்த வேறொரு நன்மையும் உண்டு; அதனைப் பலர் கவனிப்பதில்லை. பாரிசிலும் பம்பாயிலும் முத்தின் விலை சரிந்தால் அச்சரிவின் மூன்றிலொரு பகுதியைக் குளிப்பவன் சுமந்தான். மறிச்சுக்கட்டி போன்ற வரண்ட கரையிற் சில வாரங்களுக்கு மாத்திரம் எழும் நகரத்தில் நெல் விளையாது. அரிசி முழுவதும் வெளியிலிருந்தே வரவேண்டும். அதன் விலை ஏறினால் அதனை அவன் ஒருவனே சுமந்தான். விற்கும் பொருளின் விலை ஒரு பக்கம், உண்ணும் பொருளின் விலை மறுபக்கம். இரண்டிற்கும் நடுவே நின்றது ஓர் ஆளின் மூச்சு. சிப்பி மலிந்த ஆண்டில் அவன் செல்வனாய் மீண்டிருக்கலாம். 1906 இல் அரசாங்கம் இக்கடலை ஒரு கம்பனிக்கு ஆண்டிற்கு 3,10,000 ரூபாவாக 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907 இற்குப் பின்னர் சிப்பி படியவில்லை. தவணை முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. அரசாங்கம் பங்கை விட்டு உறுதியான தொகையை விரும்பியதும், கம்பனி கடலை நம்பிக் கெட்டதும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்: விலையும் விளைவும் மாறும்போது அந்த மாற்றத்தை எவன் தலையிற் கட்டுவது என்பதே பேரத்தின் உட்பொருள்.

கூலிப் பேச்சுவார்த்தை என இக்காலத்திற் கூறப்படுவதும் இதுவே. எத்தனை ரூபா என்பது மேலே தோன்றும் வினா. அரிசி விலை ஏறும் நாளில் அவ்வேற்றம் முதலாளிக்கா தொழிலாளிக்கா என்பது அடியிலே கிடக்கும் வினா. பொருளியலார் முன்னதைப் பெயரளவுக் கூலி என்றும், பின்னதற்கு ஈடு செய்தபின் எஞ்சுவதை உண்மைக் கூலி என்றும் பிரிப்பர்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது மன்னார்க் கரை வழியே சென்ற மற்றொரு கூட்டத்தின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தென்னிந்தியாவிலிருந்து வள்ளங்களில் வந்து இக்கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரையே குறிக்கின்றேன். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுக்கோடியிலிருந்து கப்பலும் வந்தபின் நடை ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. கங்காணி கொடுத்த முற்பணமே அவர்களைப் பிணித்த கயிறு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அம்முறை 1921 இலேதான் ஒழிக்கப்பட்டது.

அவர்தம் கூலி நெடுங்காலம் ஆணுக்கு நாளொன்றிற்கு ஏறத்தாழ 33 சதமாக நின்றது. 1872 இல் ரூபா இலங்கையின் நாணயமாக வரையறுக்கப்பட்டபோது அது இரண்டு ஷில்லிங் அளவிற்றாயிருந்தது. வெள்ளியின் விலை வீழ்ந்தமையால், 1890 களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு ஷில்லிங் மூன்று பென்சாகக் குறைந்தது. தோட்ட முதலாளி இலண்டனிலே தேயிலையைப் பவுணுக்கு விற்றார். கூலியை ரூபாவிற் கொடுத்தார். எழுத்தில் ஒரு சதமேனும் குறையாத கூலி, முதலாளியின் கணக்கில் ஆண்டுக்காண்டு மலிந்து வந்தது. தொழிலாளி உண்ட அரிசியும் இந்தியாவிலிருந்து ரூபாக் கணக்கில் வந்தமையால் அவனுக்கு இத்தாக்கம் உடனே புலப்படவில்லை என்பதையும் கூறிவிடுதல் நேர்மை.

தோட்டத்திலே கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே கொடுக்கப்பட்டது. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. ஆதலின் அரிசிக்குத் தோட்டம் எவ்விலை குறித்தது என்பதே மெய்யான கூலியைத் தீர்மானித்தது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் சிறப்பு இங்குதான் உள்ளது. அதன்வழி மலைநாட்டில் ஓர் ஆணுக்கு 54 சதம் என வகுக்கப்பட்டபோது, அரிசி புசல் ஒன்று 6 ரூபா 40 சதத்திற்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் உடன் வகுக்கப்பட்டது. ஒரு புசலுக்கு 32 கொத்து. ஆகவே கொத்து 20 சதம். 54 சதம் என்பது இரண்டே முக்காற் கொத்து அரிசிக்குச் சிறிது குறைவு. இக்கணக்கை வகுப்பிலே கரும்பலகையில் எழுதும்போது மாணவர் வியப்பர். கூலிக்குச் சட்டம் செய்தவர் ரூபாவோடு கொத்தையும் சேர்த்தே எழுதினர் என்பது எமக்கு இன்று மறந்துபோன ஒரு நுட்பம். ஆயின் இவ்வேற்பாடு இருபுறமும் வெட்டும் கத்தி. 1930 களின் தொடக்கத்தில் உலக மந்தம் வந்து அரிசி மலிந்தபோது, அதனையே காரணமாகக் காட்டி அரிசி விலையோடு கூலியையும் சேர்த்துக் குறைத்தனர்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபின், கொத்தின் இடத்தைச் சுட்டெண் பிடித்தது. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சம்பளச் சபைகள் அடிப்படைக் கூலியோடு, வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணுக்கு ஏற்ப ஏறியிறங்கும் படி ஒன்றையும் வகுத்தன. ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் இட்டு, அக்கூடையின் விலை மாதந்தோறும் எவ்வளவு மாறிற்று என்று காண்பதே சுட்டெண். அரிசி ஒன்றை மாத்திரம் பார்த்ததினும் இது நுண்ணிது. எனினும் கூடை எவருடையது என்ற வினா அதனுடன் பிறந்தது.

1952 ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், 1949-50 இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடத்து எடுத்த கணக்கெடுப்பின் மேல் எழுந்தது. நூற்றில் ஏறக்குறைய 62 பங்கு உணவிற்கு. மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1953 யூலையில் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகத்து 12 ஆந் திகதி நாடளாவிய கர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்கா ஒக்தோபரிற் பதவி துறந்தார். சுட்டெண்ணை எவரும் அன்று பார்த்திரார். கொத்தின் விலையைப் பார்த்தனர். பிற்காலத்தில், கட்டுப்பாட்டு விலையிற் கடையில் கிடையாத பொருளுக்கும் கட்டுப்பாட்டு விலையையே சுட்டெண்ணிற் குறித்தனர் என்ற குறைபாடு பலராற் சொல்லப்பட்டது. ஆயினும் அக்கூடை 2007 வரை வழக்கில் இருந்தது. தன் பாட்டனார் வாங்கிய பொருள்களைக் கொண்டே பேரனின் செலவு அளக்கப்பட்டது எனலாம்.

கொழும்பின் கூடைக்கு இவ்வளவு குறையெனில், மன்னார்க்காரனின் கூடை எங்கே? இவ்வினாவிற்கு விடை தேடியபோது யான் கண்டது இது: 1990 களிலும் 2002 இலும் நிகழ்ந்த குடும்ப வருமான செலவின ஆய்வுகள் வடக்கு கிழக்கு மாகாணங்களை விலக்கியே நடந்தன. 2009-10 ஆய்வு யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் சேர்த்துக்கொண்டது. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களையும் அப்பொழுதும் விட்டது. 2012-13 ஆய்விலேதான் எமது மாவட்டம் இடம்பெற்றது. அதன் அடியில் 2013 ஐ அடியாண்டாகக் கொண்ட தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் அமைந்தது. ஒரு தலைமுறைக் காலம் எமது உலைப்பானை எவருடைய கணக்கிலும் இருக்கவில்லை.

அக்காலம் எனக்கு நூலறிவன்று. பொருளாதாரத் தடையின் ஆண்டுகளிற் பெருநிலத்தில் வாழ்ந்தோம். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் ஒளியிலேதான் எழுத்துக் கூட்டினேன். எந்தையார் அரசாங்க ஆசிரியர். அவருக்குக் கிடைத்த சம்பளம், கொழும்பிலே அதே தரத்து ஆசிரியர் பெற்ற சம்பளமே. அதில் ஒரு சதமும் குறைவில்லை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மாத்திரம் கொழும்பு விலையில் இல்லை. மாத முடிவில் அன்னையார் கடைக்காரரின் கொப்பியை மடியில் வைத்துக் கூட்டிக் கழிப்பார். சுட்டெண் என்ற சொல்லைப் பின்னாளில் வெளிவாரிப் பட்டத்திற்குப் படிக்கையிற் கண்டபோது, எனக்கு முதலில் நினைவில் வந்தது அந்தக் கொப்பிதான்.

2022 இல் நாடு முழுவதுமே அக்கொப்பியைத் திறக்க நேர்ந்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்புச் சுட்டெண் முன்னைய ஆண்டிலும் நூற்றுக்கு 69.8 உயர்ந்தது; அதன் உணவுப் பகுதி 94.9 உயர்ந்தது. அச்சுட்டெண்ணில் உணவிற்கு இருந்த பங்கு நூற்றில் 28 அளவே; தேசியச் சுட்டெண்ணிலோ 44. உணவிற்கே கூலியின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்திற்கு 69.8 என்பது குறைத்துக் கூறிய எண். தோட்டத் தொழிலாளருக்கு 2021 மார்ச்சில் நெடும் போராட்டத்தின் பின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானி வந்தது. 2022 செத்தெம்பரிலும் அதே 1,000 ரூபாதான். முன்னைய ஆண்டின் உணவு விலையில் அளந்தால் அது ஏறத்தாழ 513 ரூபா. 1,350 ரூபாவாக உயர்த்தும் வர்த்தமானி வர 2024 செத்தெம்பர் ஆயிற்று. கூலியை உயர்த்தாது விடுவதும் ஒரு குறைப்பே. கையொப்பம் இட வேண்டாத குறைப்பு.

எமது கடற்றொழிலாளருக்கு அதுவும் இல்லை. அவர் இன்றும் பங்குக்காரர். பிடித்த மீனை விற்ற பணத்தில் எண்ணெய், ஐசு முதலிய செலவைக் கழித்தபின் எஞ்சுவதே வள்ளத்திற்கும் ஆட்களுக்கும் பிரிபடும். 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஒரு தொழிலுக்கு 20 லீற்றர் கொள்ளும் வள்ளத்தில் எண்ணெய்ச் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவாயிற்று. பங்கு பிரிக்குமுன்னரே 5,060 ரூபா கழிந்தது. கொழும்புக் கூடையில் மண்ணெண்ணெய் அடுப்பெரிக்கும் பொருள். பேசாலையிலும் வங்காலையிலும் அது தொழிற் கருவி. அவ்வேற்றத்தைப் பற்றிப் பேசப் பங்குக்காரருக்கு எதிரே முதலாளி என்று ஒருவர் இருக்கவில்லை; இருந்தவர் சம்மாட்டி, அவருக்கும் அதே எண்ணெய்தான். மீனின் விலையோ வாடிக்கு வரும் வியாபாரியின் வாயில் இருந்தது. முற்பணம் வாங்கியவர் அவ்வாயை மறுத்துப் பேசுதல் எளிதன்று.

சென்ற முறை அரிப்பிற்குச் சென்றபோது மாணவன் ஒருவன் மாளிகையைப் பார்க்காது, கரையில் எண்ணெய்ப் பீப்பாவை உருட்டிச் சென்ற இருவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், அந்த நாளிலே சிப்பியைப் பிரிக்க முதல் படகுச் செலவைக் கழிப்பாங்களா?" என்று கேட்டான். அவன் தந்தையாரும் பங்குக்குத் தொழிலுக்குப் போகின்றவர்.