பிளேடு வந்த பின்னும் கத்தி

பாதுகாப்பு ரேசர் வந்ததால்தான் காவிரிப் படுகையில் நாவிதர் தொழில் சரிந்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். 1903இல் ஜில்லெட் விற்பனைக்கு விட்ட அந்தக் கருவி கன்னத்தை எளிதாக்கியது. குரல்வளை மேடும் தாடையின் அடிமடிப்பும் மூக்குக்குக் கீழுள்ள பள்ளமும் பழையபடி சிக்கலாகவே நின்றன. அங்கெல்லாம் முடி ஒரே திசையில் படிவதில்லை. இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாயும் பக்கமாகச் சிறுசிறு இழுப்பாக வழிக்கும் பழக்கம் எந்தப் பெட்டியிலும் வைத்து விற்கப்பட்டதல்ல. கத்தி பிடித்தவர்கள் தலைமுறையாகப் பழகிய கைவித்தை அது.

ரேசர் வராதிருந்தால் அறுவடைக் களத்தில் நெல் வாங்கிச் சவரம் செய்யும் ஊழியமாவது நிலைத்திருக்குமே என்று கேட்கலாம். அதைக் கரைத்ததில் காசுக்கூலிக்கும் கடைத்தெரு சலூனுக்கும்தான் பெரும்பங்கு. கரைந்ததில் வருந்தவும் ஒன்றுமில்லை. தொழில் சாகவில்லை என்பதற்கு நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணியே சான்று. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுபவர்கள் இன்றும் அங்கே குவிகிறார்கள். காது மடலுக்குப் பின்னும் பிடரிக் குழியிலும் வளைந்து போக ரேசரின் அகலத் தலை தோதுப்படாது. ஆகவே நம்மூர் சவரத் தொழிலாளர்கள் அதன் பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: பாதியாக முறித்து, மடக்குக் கத்தியில் செருகி, ஆள் மாறும்போது அதையும் மாற்றுகிறார்கள்.