டிராப்டவுன் மெனுவும் உலாவிகளின் அடுக்குச் சிக்கலும் (1997–2024)

சுட்டியை வைத்ததும் கீழே விரியும் மெனுவை எழுதுவது எளிது. எல்லா உலாவிகளிலும் அதை ஒழுங்காகத் தெரியவைப்பதுதான் கடினம். பக்கத்தின் மற்ற உறுப்புகள் தத்தம் இடத்தில் அமர்ந்திருக்க, மெனு மட்டும் பிறவற்றை மறைத்துக்கொண்டு மேலே வந்து நிற்க வேண்டும். எது மேலே, எது கீழே என்பதை முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு உலாவிகள் வெவ்வேறு விடை சொல்லிவந்தன. மெனுக்களில் காணப்பட்ட பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 ஆகியவை பக்கத்தின் உறுப்புகளை அணுகத் தனித்தனி வழிகளை வைத்திருந்தன. ஆகவே ஒரே மெனுவை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. 1998 மே மாதம் வெளியான சிஎஸ்எஸ் 2 பரிந்துரை, சுட்டி மேலே நிற்கும் நிலையைக் குறிக்கும் ஹோவர் விதியை எந்த உறுப்புக்கும் பொருத்த இடம் தந்தது. பட்டியலுக்குள் பட்டியலை ஒளித்துவைத்து, ஸ்கிரிப்ட் இல்லாமலே மெனு அமைக்க அதுவே போதும். ஆனால் 2001இல் வந்த எக்ஸ்புளோரர் 6 அந்த விதியை இணைப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. 2006 அக்டோபரில் ஏழாம் பதிப்பு வரும்வரை இந்நிலை நீடித்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது, பேட்ரிக் கிரிஃபித்ஸும் டான் வெப்பும் 2003 நவம்பரில் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் விளக்கிய ‘சக்கர்ஃபிஷ்’ முறை. சுட்டி நுழையும்போது பட்டியல் உறுப்புக்கு ஒரு வகுப்புப் பெயரைச் சேர்த்து, வெளியேறும்போது நீக்கும் சில வரி ஸ்கிரிப்ட், எக்ஸ்புளோரருக்காக மட்டும் அதில் இருந்தது. பின்னர் வந்த ‘சன் ஆஃப் சக்கர்ஃபிஷ்’ வடிவில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. துணை மெனுவை டிஸ்பிளே-நன் கொண்டு மறைத்தால் திரைவாசிப்பான்களும் அதைப் படிக்காமல் விட்டுவிடும். அதனால் மெனுவை இடப்பக்கம் -999 எம் தொலைவுக்குத் தள்ளிவைத்தார்கள். கண்ணுக்கு மறைந்தாலும் வாசிப்பானுக்கு அது இருந்தது. பார்வையற்ற பயனரையும் கணக்கில் கொண்ட இந்த ஒரு வரியை, அந்தக் காலத்துத் திருத்தங்களிலேயே மிகப் பண்பட்டதாக நான் மதிக்கிறேன்.

இதைவிடப் பிடிவாதமான சிக்கல், படிவங்களில் விருப்பத்தைத் தேர்வு செய்யும் செலக்ட் பெட்டியினுடையது. எக்ஸ்புளோரர் 6இல் அது விண்டோஸின் தனிச் சாளரமாக வரையப்பட்டது. பக்கத்தின் அடுக்கு வரிசை அதைக் கட்டுப்படுத்தவில்லை. அடுக்கு வரிசையைக் குறிக்கும் எண்ணான இசட்-இண்டெக்ஸை மெனுவுக்கு 9999 என்று கொடுத்தாலும், கீழே இருந்த படிவத்தின் பெட்டி மெனுவைத் துளைத்துக்கொண்டு தெரிந்தது. மெனு விரியும்போது பெட்டிகளை மறைத்துவிடுவது ஒரு வழி. மற்றொன்று, மெனுவின் அளவிலேயே ஒரு வெற்று ஐஃப்ரேமை அதன் அடியில் விரிப்பது. ஐஃப்ரேம் செலக்ட் பெட்டியையும் மறைக்கும், இசட்-இண்டெக்ஸுக்கும் கட்டுப்படும் என்பதால் இந்த உத்தி பலித்தது. ஏழாம் பதிப்பில் இந்தப் பழுது நீங்கியது. ஃபிளாஷ் விளம்பரங்களும் இப்படியே மெனுவின் மேல் ஏறி நின்றன; அவற்றுக்கு டபிள்யூ-மோட் அமைப்பை ஒபேக் என்று மாற்றினால் போதுமானதாக இருந்தது.

எக்ஸ்புளோரர் 6, 7 இரண்டிலும் இன்னொரு பிழை இருந்தது. இசட்-இண்டெக்ஸ் எதுவும் தராவிட்டாலும், பொசிஷன் பெற்ற உறுப்பு ஒவ்வொன்றும் தன் உள்ளுறுப்புகளைத் தனக்குள் மட்டும் வரிசைப்படுத்தும் தனி அடுக்குச் சூழலை உருவாக்கிக்கொண்டது. தலைப்பகுதியும் அதன் கீழுள்ள உள்ளடக்கமும் ரிலேட்டிவ் என்று இருந்தால் இரண்டும் சமநிலை பெறும். பின்னால் வரும் உள்ளடக்கமே மெனுவை மூடும். மெனுவின் எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் அது தலைப்பகுதிக்குள் மட்டுமே செல்லும். உயர்த்த வேண்டியது தலைப்பகுதியின் எண். 2009இல் எட்டாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. ஆனால் ஒபாசிட்டி, டிரான்ஸ்ஃபார்ம் போன்ற புதிய பண்புகள் அதே விளைவைத் தரநிலைப்படியே கொண்டுவந்தன. முன்பு பிழையாக இருந்தது இப்போது விதி. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரே மாதிரி மெனு மறைந்தது. ஓவர்ஃப்ளோ-ஹிடன் தரப்பட்ட பெட்டிக்குள் அது பாதியாக வெட்டுப்பட்டது. நிரலாளர்கள் மெனுவைப் பெயர்த்தெடுத்து பாடி உறுப்பின் கடைசியில் ஒட்டத் தொடங்கினார்கள். அது கண்ணுக்குச் சரி. ஆனால் டேப் விசையால் நகர்பவருக்கு மெனு அதன் பொத்தானிலிருந்து பிரிந்துபோனது. சக்கர்ஃபிஷ் காத்த ஒழுங்கு இங்கே குலைந்தது என்றே சொல்ல வேண்டும்.

2007இல் ஐஃபோன் வந்தபின் சுட்டியே இல்லாத திரைகள் பெருகின. ஹோவரை மட்டும் நம்பிய மெனுக்கள் பொத்தானைத் தொட்டுத் திறப்பதற்கு மாறின.

அடுக்குச் சிக்கலுக்கு உலாவிகளே தீர்வு தந்தது பாப்ஓவர் வசதியில். குரோம் 114 (2023 மே), சஃபாரி 17 (2023 செப்டம்பர்), ஃபயர்ஃபாக்ஸ் 125 (2024 ஏப்ரல்) என அது பரவியது. இப்படித் திறக்கும் உறுப்பு பக்கம் முழுவதற்கும் மேலான தனி அடுக்குக்குச் செல்கிறது. தாய் உறுப்பின் இசட்-இண்டெக்ஸோ ஓவர்ஃப்ளோவோ அதைத் தீண்டாது. நிரலில் அது தன் இடத்திலேயே இருக்கலாம் என்பதால் டேப் வரிசையும் கெடுவதில்லை. ஆனால் இயல்பாக அது திரையின் நடுவில் தோன்றும். பொத்தானுக்கு அடியில் பொருத்த ஆங்கர் பொசிஷனிங் வேண்டும். குரோம் 125, 2024 மே மாதம் அதை முதலில் கொண்டுவந்தது. அந்த வசதியைப் பெறாத பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்காக, பொத்தானின் இடத்தை அளந்து மெனுவை நிறுத்தும் ஸ்கிரிப்டையும் கூடவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.