ஊழியமும் ஓய்வுநாளும்: தென் திருவிதாங்கூர் மிஷன் வாழ்வில் ஒரு சொல்லின் வரலாறு

0. முன்னுரை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் உதியன்குளங்கரை. ‘குளங்கரை’ என்னும் ஊர்ப்பெயர் ஈறு தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இப்பகுதி முழுவதும் ஒரே அரசின்கீழ் இருந்தது.

இந்நிலப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியாற்றிய இளம் மிஷனரிகளின் வார வாழ்க்கையை முன்னிறுத்தி, ‘ஊழியம்’ என்னும் சொல் அடைந்த பொருள் மாற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரே காலத்தில், ஒரே ஊரில், இருவேறு மனிதரின் இருவேறு வேலைகளுக்கு இச்சொல் பெயராக நின்றது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல்.

1. வந்தவர்களும் வாரமும்

இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் முதலில் இங்கு வந்தவர் சைலீசியாவில் பிறந்த ஜெர்மானியரான வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. 1804-இல் தரங்கம்பாடியை அடைந்து அங்குத் தமிழ் கற்ற அவர், 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1816-இல் அவர் வெளியேறியபோது மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கமே சபைகளின் பொறுப்பை ஏற்றார். 1792-இல் பிறந்த சார்லஸ் மீடு, பயணத்தின் இடையில் பினாங்கில் மனைவியை இழந்து, 1818-இல் நாகர்கோவில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1828-இல் அவர் நெய்யூருக்குச் சென்றபின் மேற்குப் பகுதிப் பணி விரிவடைந்தது. பின்னர்ப் பாறசாலை தனி நிலையமாயிற்று. அங்கு ஜான் ஆப்ஸ், சாமுவேல் மேட்டீர் முதலியோர் பணியாற்றினர்.

இவர்களின் வாரம் ஞாயிற்றை மையமாகக் கொண்டது. அன்று வழிபாடும் மறையுரையும் நிகழும். ஏனைய நாள்களில் கிளைச் சபைகளைப் பார்வையிடல், பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தல், நோயாளிக்கு மருந்து கொடுத்தல், வழக்குகளைக் கேட்டல், அச்சுக்கு உரியனவற்றைத் திருத்தல் ஆகியன நடைபெறும். இலண்டனுக்குக் கடிதம் எழுதுவதும் வேலையின் ஒரு பகுதியே. சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட 1869-க்கு முன் ஒரு கடிதத்துக்கு மறுமொழி பெறப் பல திங்கள் ஆகும். ஆகவே வீட்டுச் செய்தி எப்போதும் பழைய செய்தியாகவே வந்து சேர்ந்தது.

மொழியியல் நோக்கில் இவ்வாரத்தின் முதன்மையான நிகழ்ச்சி உபதேசிமார் கூடும் நாளாகும். ஊர்தோறும் அமர்த்தப்பட்ட உபதேசிமாரும் வாசகரும் குறித்த நாளில் நிலையத்துக்கு வந்து தம் பணியை அறிவிப்பர். மிஷனரி அவர்களுக்கு வேதபாடம் நடத்துவார். கற்பித்தல் இங்கு ஒருவழிப்பட்டதன்று. புதிதாக வந்த இளைஞர் நூல்வழிக் கற்ற தமிழ், ஊரார் பேசும் தமிழாகத் திருத்தம் பெற்றதும் இவர்கள் வாயிலாகவே. தென்பகுதிச் சபைகளின் மொழி தமிழ். அரசின் மொழி மலையாளம். எனவே ஓர் ஊராரின் குறை உபதேசியிடம் தமிழில் தொடங்கி, அரசிடம் மலையாள விண்ணப்பமாகச் சென்று, இலண்டனுக்கு ஆங்கில அறிக்கையாகப் போயிற்று. அறிக்கையில் எஞ்சிய பெயர் பெரும்பாலும் மிஷனரியினுடையதே.

2. ஊழியம்: அரசுப் பொருள்

திருவிதாங்கூரில் ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை. நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் சுமை தூக்கவும், ஓலை, விறகு போன்றன கொண்டுவந்து கொடுக்கவும் பணிக்கப்பட்டனர். இப்பொருள் திருவிதாங்கூருக்கு மட்டும் உரியதன்று. ஒல்லாந்தர் ஆட்சிக்கால யாழ்ப்பாணத்திலும் கட்டாயப் பணி இதே சொல்லால் வழங்கப்பட்டது.

கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் (1810–1819) கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சமயச் சலுகையாகத் தோன்றும் இவ்வாணையை ஊழியக்காரனின் நிலையிலிருந்து காண வேண்டும். ஏழு நாள்களில் ஒன்று அவனுடையதாயிற்று. தமிழில் ‘கிழமை’ என்னும் சொல் நாளையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும். ஆறாம் வேற்றுமைக்கு இலக்கணிகள் கூறும் பொருளும் கிழமையே. உரையாசிரியர் பாகுபாட்டைக் கொண்டு கூறின், இந்த ஞாயிறு தற்கிழமையாக அமையாமல் பிறிதின்கிழமையாகவே அமைந்தது. அதாவது, ஆணையால் கிடைத்தது. ஆணையால் பறிக்கவும் கூடியது. எஞ்சிய ஆறு நாள்கள் முன்போலவே இருந்தன.

3. ஊழியம்: சமயப் பொருள்

தமிழ் விவிலியத்தில் ‘ஊழியம்’, ‘ஊழியக்காரன்’ என்பன இறைப்பணிக்கும் இறைப்பணியாளருக்கும் உரிய சொற்கள். கிரேக்க மூலத்தில் ‘தூலோஸ்’ என்பது அடிமை. ‘தியாகோனியா’ என்பது தொண்டு. 1871-இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இவ்விரண்டையும் பல இடங்களில் ஊழியம் என்னும் ஒரே அடியிலிருந்து தோன்றிய சொற்களால் பெயர்க்கிறது. அதே வேளையில், சாலொமோன் அரசன் வேலைக்கு ஆள் பிடித்ததைக் கூறுமிடத்தில் ‘அமஞ்சி’ என்னும் சொல்லை ஆள்கிறது. ஆகவே கட்டாய வேலையைச் சுட்டத் தனிச்சொல் மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது என்பது தெளிவு. சோழமண்டலக் கடற்கரைத் தமிழில் உருவான விவிலிய நடை, திருவிதாங்கூர் எல்லைக்குள் வந்தபோது அங்கு இச்சொல்லுக்கு இருந்த கசப்பைச் சந்தித்தது எனலாம்.

மலையாள விவிலிய மரபில் இவ்விடங்களில் ‘சுச்ரூஷ’, ‘தாசன்’ என்பனவே பெருவழக்கு. வடமொழிச் சார்பு இதற்கு ஒரு காரணம். ‘ஊழியம்’ அம்மொழியில் அரசுக் கட்டாய வேலையோடு நெருங்கியிருந்ததும் துணைக்காரணமாகலாம். உதியன்குளங்கரை போன்ற எல்லையூர்களில் இருமொழி அறிந்த கிறித்தவருக்கு இருவழக்கும் அருகருகே கேட்டன.

4. ஒருவரே இருநிலையில்

இச்சொல்லின் இரு பொருளும் ஒருவரிடத்தே கூடிய நிலையை மீடின் வாழ்வில் காண்கிறோம். 1818-இல் நாகர்கோவிலில் அவர் அரசு நீதிபதியாக அமர்த்தப்பட்டார்; ஏறத்தாழ ஓராண்டில் அப்பதவியைத் துறந்தார். அந்த ஓராண்டில் அவர் வாரநாள்களில் அரசின் அதிகாரி. ஞாயிற்றில் இறைவனின் ஊழியர். தாமே விரும்பி ஏற்ற பணியை அவர் ஊழியம் என்றார். விரும்பாமல் சுமத்தப்பட்ட சுமையை அவர் முன் அமர்ந்து கேட்டவர் ஊழியம் என்றார். மறையுரையில் இச்சொல் ஒலித்தபோது கேட்டவர் நெஞ்சில் எது முன்னின்றது என்பதை அறிக்கைகளின் ஆங்கிலம் காட்டாது. அவ்வாங்கிலத்தில் ஒன்று ஒலிபெயர்ப்பாகவும் மற்றொன்று மொழிபெயர்ப்பாகவும் பிரிந்துவிடுவதால், தமிழில் ஒன்றாயிருந்தமை மறைந்துபோகிறது.

5. முடிவுரை

கட்டாய வேலை வழக்கொழிந்தபின் அரசுப் பொருளின் கசப்பும் நீங்கியது. இன்று ‘அரசு ஊழியர்’ என்பது ஊதியமும் ஓய்வூதியமும் பெறுவோரைக் குறிக்கிறது. ‘முழுநேர ஊழியம்’ என்பது சமயப் பணியைக் குறிக்கிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபின், 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியாகப் பிரிந்தபோது தமிழ்ச் சபைகளும் மலையாளச் சபைகளும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்சிக்குட்பட்டன. சொல்வழக்கும் அவ்வாறே பிரிந்தது.

இப்பகுதியின் சபை வரலாறுகளையும் விண்ணப்பங்களையும் பெயர்ப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ‘சனிக்கிழமை ஊழியத்துக்குப் போனான்’ என்னும் தொடர் வரின், போனவன் உபதேசியா, சுமைகாரனா என்பதை அகராதி தீர்த்துவைக்காது. நாளையும், சாதியையும், எவருக்காகப் போனான் என்பதையும் கண்டபின்னரே பொருள் துணிதல் இயலும். ஐயம் நீங்காத இடத்தில் சொல்லை அப்படியே நிறுத்திக் குறிப்பு எழுதுவதே தக்கது. இனிய பொருளை மட்டும் தேர்ந்து பெயர்த்தால், கூலியின்றி உழைத்தவரின் ஆறு நாள்களும் மொழிபெயர்ப்பில் காணாமற்போகும்.