எகிறி விழுந்த கேமராவும் ஒரு கிரகணமும்

1593. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம். யோகானஸ் கெப்ளர் என்ற 21 வயது மாணவர் பட்டிமன்றத்துக்கு ஒரு பொருள் எழுதிக்கொண்டு வந்தார். நிலவில் ஒருவன் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்கு விளையாட்டாக இருந்தது, உள்ளே வில்லங்கம் இருந்தது. நிலவில் நிற்பவனுக்கு நிலவு ஓடுவது உறைக்காது என்றால், பூமியில் நிற்பவனுக்குப் பூமி ஓடுவது மட்டும் எப்படி உறைக்கும்? பூமி ஓடுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸ் என்றாலே ஆகாதவர் பேராசிரியர் வைட் முல்லர். மேடை கிடையாது என்று கையை விரித்துவிட்டார். தாள்கள் பெட்டிக்குள் போயின. வெளியே வரப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

பிராக் நகரில் அரசவைக் கணிதராக உட்கார்ந்த பிறகு கெப்ளர் அவற்றைத் தூசு தட்டினார். கட்டுரையாக எழுதினால்தானே வம்பு என்று கனவுக் கதையாக்கினார். பெயர் ‘சோம்னியம்’. நாயகன் ஐஸ்லாந்துக்காரன். அவன் தாய் மூலிகை விற்பவள், ஆவிகளோடு பேசுகிறவள். அந்த ஆவிகளுக்கு வெயில் ஆகாது. சந்திர கிரகணத்தன்று பூமியின் நிழல் நிலவைத் தொடும்போது, அந்த நிழலையே பாதையாக்கி நாலு மணி நேரத்தில் ஆளை நிலவில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே பூமிக்குப் பெயர் வோல்வா. வானத்தில் அறைந்த ஆணிபோல நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே சந்திர கிரகணம் என்றால் அங்கே சூரிய கிரகணம். சூரியனைவிட நாலு மடங்கு அகலமாகத் தெரியும் வோல்வா வந்து அதை மறைத்துவிடும். கணக்கு கச்சிதம். ஆனால் 1611இல் கையெழுத்துப் பிரதி ஒன்று வெளியே போனது. வினை அதிலிருந்துதான் தொடங்கியது என்று கெப்ளர் கடைசிவரை நம்பினார்.

கதையில் வரும் தாய் ஆவிகளோடு பேசினால், எழுதியவரின் தாய் மட்டும் சும்மாவா இருப்பாள்? கேதரினா கெப்ளரும் மூலிகை மருந்து கொடுக்கிறவர்தான். 1615இல் சூனியக்காரி என்ற புகார் எழுந்தது. 1620இல் கைதானார். எழுபதைத் தாண்டிய கிழவி 14 மாதம் சங்கிலியில் கிடந்தார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த மகன் சட்டப் புத்தகங்களைப் புரட்டி எதிர்வாதம் எழுதினார். சித்திரவதைக் கருவிகளைக் கண்முன் காட்டியும் தாய் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதலையாகி ஆறே மாதத்தில் இறந்தார். அதன்பின் கெப்ளர் அந்தக் கதைக்கு அடிக்குறிப்பு எழுதத் தொடங்கினார். மொத்தம் 223. கதையைவிடக் குறிப்புகள் பல மடங்கு நீளம். வீம்பு என்றால் இதுதான். அச்சாவதற்குள் 1630இல் அவரும் போய்ச் சேர்ந்தார். பொறுப்பேற்ற மருமகன் 1633இல் இறந்தார். மிஞ்சியவர் மகன் லுட்விக். 1634இல் ஒருவழியாகப் புத்தகம் வந்தது. ஆனால் சொன்னது மெய்யா என்று பார்த்துவர நிழல்பாதை எதுவும் திறக்கவில்லை.

ரஷ்யாவில் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1893இல் வெளியான தன் நிலவுக் கதையில் இதே கிரகணத்தை எழுதினார். ஓவியர்கள் வரைந்தார்கள். எல்லாம் கற்பனைக் கண். அந்தக் கிரகணத்தைப் பார்க்கப்போகும் நிஜக் கண் நிலவில் போய் உட்கார்ந்தது 1967 ஏப்ரல் 20இல்தான். அதுவும் ஒழுங்காக உட்காரவில்லை.

அமெரிக்காவின் சர்வேயர்-3, ஆளில்லாத மூன்றுகால் விண்கலம். புயல் பெருங்கடல் என்ற சமவெளியில் இறங்கியபோது அதன் ரேடார் குழம்பியது. தரைக்குச் சற்று மேலேயே அணைந்திருக்க வேண்டிய எஞ்சின்கள் அணையவில்லை. கலம் தரையைத் தொட்டதும் பந்துபோல மேலே எகிறியது. மறுபடி விழுந்தது, மறுபடி எகிறியது. பூமியிலிருந்து கட்டளை போய் எஞ்சின் நின்ற பிறகுதான் மூன்றாவது தடவை தரையில் தங்கியது. தங்கிய இடமோ ஒரு பள்ளத்தின் சரிவு. கலம் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்து நின்றது. கேமராவின் கண்ணாடியில் புழுதி. கோளாறுக்கு மேல் கோளாறு என்று கணக்கெடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்.

அந்தக் கேமரா நிலவின் மண்ணைப் பார்ப்பதற்குச் செய்தது. கலம் நிமிர்ந்து நின்றிருந்தால், உச்சிக்கு அருகே தொங்கும் பூமி அதன் பார்வைக்கே வந்திருக்காது. சாய்ந்து நின்றதால் வந்தது. இறங்கிய நாலாம் நாள், ஏப்ரல் 24, முழுச் சந்திர கிரகணம்! சூரியன் பூமிக்குப் பின்னால் மறைந்ததும், நிறவடிகட்டிகளை மாற்றி மாற்றிக் கேமரா படமெடுத்தது. புழுதிக் கண்ணாடி வழியே வந்த படத்தில் கறுப்பு வட்டமும் அதன் விளிம்பில் வளைந்து கசிந்த ஒளியும் தெரிந்தன. மேகம் மறைத்த இடங்களில் ஒளி அறுந்து, மணிகளைத் தள்ளித் தள்ளிக் கோத்ததுபோல இருந்தது. அடுத்த நிலவு இரவின் குளிருக்குப் பிறகு சர்வேயர்-3 கண் விழிக்கவே இல்லை.

1969 நவம்பரில் அதைத் தேடி ஆள் வந்தது. அப்போலோ-12 வீரர்கள் கான்ராடும் பீனும் சுமார் 160 மீட்டர் தள்ளி இறங்கி, நடந்துபோய் அந்தக் கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும் வழியில், நவம்பர் 24 அன்று, அவர்கள் கண்ணெதிரேயே பூமி சூரியனை மறைத்தது. இருண்ட பூமியின் நடுவே ஓர் ஒளிப்பொட்டைப் பார்த்து என்னவென்று புரியாமல் விழித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த முழுநிலாவின் ஒளி இந்தியப் பெருங்கடலில் பட்டு மின்னிய பிரதிபலிப்பு அது. இனி மற்றவர்களுக்கு அந்தக் காட்சி ஏது?

அது வந்த வழியை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மார்ட்டின் ஷ்வைகர் என்ற ஆய்வாளர் இருந்தார். உடலின் திசுக்களுக்குள் ஒளி எப்படிச் சிதறிப் போகிறது என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அன்றைய விண்வெளி விளையாட்டுகளில் இயற்பியல் சரியில்லை என்பது அவர் குறை. குறை சொல்லிக்கொண்டிருக்காமல் தானே ஒன்றை எழுதினார். 2000 நவம்பர் 27இல் இலவசமாக வெளியிட்டார். அதுதான் ‘ஆர்பிட்டர்’. வீட்டுக் கணினியில் ஓடும் விண்பயண சிமுலேட்டர். பிரெஞ்சு வானியலாளர்களின் சூத்திரங்களை வைத்து அது கோள்களையும் நிலவையும் நகர்த்தியது. கிரகணம் என்று தனியாக யாரும் அதில் வரைந்து வைக்கவில்லை. கணக்கு ஒரு கோட்டில் வந்து நின்றால் கிரகணம், அவ்வளவுதான்.

அதன் நாள் பெட்டியில், வானியலாளர்களின் நாள்கணக்குப்படி, 39604.5 என்று அடித்தால் 1967 ஏப்ரல் 24, கிரீன்விச் நேரம் நண்பகல். கலத்தைப் புயல் பெருங்கடலில், தெற்கே 3 டிகிரி, மேற்கே 23 டிகிரியில் நிறுத்தினால் சர்வேயர்-3 கிடந்த பக்கம். ஜன்னலில் முதலில் சாம்பல் தரைதான் தெரியும். கலம் சாய வேண்டியதில்லை. மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் பார்வை மெல்ல மேலே ஏறும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சூரியனை விழுங்கிவிட்டு, கறுப்பாக நிற்கும் கெப்ளரின் வோல்வா.